ஒற்றைக் கம்மலும் இரண்டு மூலையும்

என் வயசுக்காரிகளே, கல் சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி தேய்ந்தவர்களே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் ஒரே நேரத்தில் முகத்தைப் பார்த்தால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என்னைப் பார்க்க மாட்டீர்கள். அஞ்சாவது வரைக்கும் படித்த எழுத்து இதற்குப் போதும்.

ஐம்பது எனக்கு இன்னும் முழுசாக ஆகவில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் கிழவி என்றுதான் பேர். பதினேழில் கல்யாணம் செய்துகொண்டு, சாந்துச்சட்டி தூக்கி, தலை நரைத்து, பேத்தியும் பிறந்துவிட்டால் வேறென்ன சொல்வார்கள்? அந்தப் பேத்திக்கு அடுத்த வாரம் காதுகுத்து. காதுகுத்து என்றால் உங்களுக்கெல்லாம் சந்தனமும் சர்க்கரையும் ஞாபகம் வரும். எனக்கு ஹாலோ பிளாக் கல் ஞாபகம் வரும்.

எனக்கு இரண்டு காதும் ஒரே நாளில் குத்தவில்லை. இடது காது மூன்று வயதில். வலது காது பன்னிரண்டு வயதில். நடுவில் இருந்த வருஷமெல்லாம் ஒற்றைக் கம்மலோடுதான் அலைந்தேன். மயிலாப்பூரில் எங்கள் குடிசைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னை "அரை டிக்கெட்டு" என்று கூப்பிட்டார்கள். யாராவது எதிரே வந்தால் தலையை வலப்பக்கம் சாய்த்து, தோளால் அந்த மூளிக் காதை மூடிக்கொள்வேன். கழுத்து கொஞ்சம் கோணலாகவே வளர்ந்தது என்று அம்மா சொல்வாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மூலை.

என் நைனா கொத்தனார். என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அவரும் கொத்தனார். மாமா ஆதம்பாக்கத்தில் தன் கையாலேயே தனக்கு ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்றைக்கே எனக்கும் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும், கம்மலும் அவர்தான் வாங்கிப் போட வேண்டும், அது வழக்கம். சிவப்புக்கல் வைத்த ஒரு ஜோடி வாங்கியிருந்தார். பத்தர் இடது காதில் குத்தினார். நான் அலறினேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நைனா மட்டும் அந்தப் பக்கம் திரும்பி, புது வீட்டின் மூலைக்குத் தூக்குக் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

தூக்குக் குண்டு உங்களுக்குத் தெரியும். நூலில் தொங்கும் இரும்புக் குண்டு. சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது. நைனா அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். பஸ் ஸ்டாப் கம்பத்துக்குப் போடுவார், கல்யாண வீட்டு வாழைமரத்துக்குப் போடுவார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு "சாஞ்சிகீது" என்பார். வாழைமரம் பாவம், அது என்ன செய்யும்? ஆனால் ஒரு கொத்தனார் கட்டின மூலைக்கு இன்னொரு கொத்தனார் கூப்பிடாமல் குண்டு போடக் கூடாது. பந்தியில் உட்கார்ந்தவன் பக்கத்து இலையை எண்ணிப் பார்ப்பதைவிட அது மோசம்.

குண்டு சுவரை விட்டு விலகித் தொங்கியதாம்.

"என் வூட்டு மூலைக்கு குண்டு போட நீ யாரு?" என்று மாமா எழுந்தார். அவர் எழுந்ததும் அவர் மடியும் எழுந்துவிட்டது. நான் தரையில் உருண்டேன். பத்தர் ஊசியைப் பிடித்தபடி என் மற்றக் காதைத் தேடிக்கொண்டிருந்தாராம். அதற்குள் சண்டை முற்றி, அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். இன்னொரு கம்மல் மாமாவின் கையிலேயே நின்றுபோயிற்று.

அதன்பிறகு நைனாவும் மாமாவும் பேசவில்லை. எங்கேயாவது சாவு வீட்டில் பார்த்துக்கொண்டால்கூட ஆளுக்கொரு திண்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். யாராவது அம்மாவிடம், "வேற எவன் மடியிலயாவது குந்தவெச்சி குத்திடேன்" என்றால் அம்மா சீறுவாள். "பாதில நின்னது, பாதில வுட்டவன் மடிலதான் முடியணும். எனக்கு இன்னா பத்து தம்பியா கீறாங்க?"

எனக்குப் பன்னிரண்டு ஆனதும் அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. "இவ பெரியமனுஷி ஆவறதுக்குள்ள அந்தக் காது குத்தியாவணும். ஒத்தக் கம்மலோட பந்தல்ல குந்த வெச்சா ஊரே சிரிக்கும்" என்று, சோறு வடிக்கும்போதெல்லாம் கஞ்சியிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அது தொண்ணூற்றொன்றோ இரண்டோ. அம்மா தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டு டீச்சர் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், கட்டட வேலை கிடைக்கிற நாளில் கலவையும் தூக்கினாள். டீச்சர் வீட்டுக் கூடத்தில்தான் பிள்ளைகளுக்குப் பாட்டு. டீச்சரின் வீட்டுக்காரருக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று. அதனால் பின்கட்டில் ஒரு அறை எழுப்ப முடிவு செய்தார்கள்.

"ஏம்மா, இப்போ ஹாலோ பிளாக்னு ஒண்ணு வந்திருக்காமே? அதுல கட்டினா விஜயதசமிக்குள்ளே முடிஞ்சுடுமா? புதுசா பசங்க சேர வருவா" என்று டீச்சர் கேட்டார்.

"முடிஞ்சிடும்மா. ரெண்டு கொத்தனாரு போட்டா முடிஞ்சிடும்" என்றாள் அம்மா. துலக்கிக்கொண்டிருந்த அடுக்கைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரையும் நானே இட்டாறேன்" என்றாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் அடுக்கின் பளபளப்பு என்று நினைத்துவிட்டேன்.

வேலை தொடங்கின காலையில் நைனா சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். அங்கே அடுக்கிவைத்த கல்மேல் உட்கார்ந்து மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். நைனா உடனே திரும்பினார். மாமா டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் பையைத் தூக்கினார். இரண்டு பேரும் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். மயிலாப்பூர்ச் சந்தில் ஒரு ஆளும் ஒரு வாளியும்தான் போகலாம். நைனாவும் மாமாவும் தோளோடு தோள் செருகிக்கொண்டு நின்றார்கள். "வழி வுடு" என்று சொன்னால் பேசின மாதிரி ஆகிவிடும் அல்லவா? அதனால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினார்கள்.

சந்தின் வாயில் அம்மா விளக்குமாறோடு நின்றாள்.

"எவன் மொதல்ல வெளிய போறீங்களோ போங்க. நான் கொளத்துப் படிக்கட்டுல நின்னு சொல்வேன், அவனுக்கு மூல கட்டத் தெரியல, அதான் ஓடிப்பூட்டான்னு."

பிறகு இரண்டு பேரும் வந்த மாதிரியே, செருகிக்கொண்டே, பின்னால் நகர்ந்து பின்கட்டுக்குப் போனார்கள்.

புது அறை வீட்டின் பின்சுவரோடு ஒட்டி நிற்கப்போவது. அதனால் மூன்று சுவர், இரண்டே மூலை. ஆளுக்கு ஒன்று. கன்னிமூலையில் நைனா இறங்கினார், வாயுமூலையில் மாமா.

சுவரை யாரும் நடுவில் தொடங்குவதில்லை. முதலில் மூலையைத் தூக்க வேண்டும். மூலைக்கல்லை வைத்து, அதிலிருந்து ஒரு பக்கம் மூன்றடி, இன்னொரு பக்கம் நாலடி குறித்து, குறுக்கே டேப்பைப் பிடித்தால் அஞ்சடி வர வேண்டும். வராவிட்டால் பின்னால் அந்த அறையில் பாய் விரிக்கும்போது பாயே காட்டிக் கொடுத்துவிடும். பிறகு அடுத்த வரிசைக் கல்லைக் குறுக்காகத் திருப்பி வைப்பார்கள். கீழ்வரிசையில் இந்தச் சுவருக்கு நீண்ட கல் என்றால், மேல்வரிசையில் அந்தச் சுவருக்கு நீள வேண்டும், இரண்டு கை விரல் கோத்த மாதிரி. செங்கல் மூலைக்குத் துண்டுக்கல் உடைத்துப் போட வேண்டும். இந்தக் கல்லுக்கு அது வேண்டாம், நீளத்தில் சரிபாதி அகலம். வரிசைக்கு அரைக் கல் குறைத்துக்கொண்டே போனால் மூலை மட்டும் படிக்கட்டு போல எழுந்து நிற்கும். இரண்டு முனையிலும் படிக்கட்டு எழுந்தபிறகு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நூல் கட்டி, நூலுக்குக் கீழே நடுக்கல்லை நிரப்பிக்கொண்டு போவார்கள்.

நூல் ஒன்று, முனை இரண்டு. ஒரு முனையில் நைனா, ஒரு முனையில் மாமா. இதுதான் அம்மா போட்ட கணக்கு. ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆம்பிளைகள் எத்தனை நாள் பேசாமல் இருந்துவிட முடியும்?

கணக்கில் என்னைச் சேர்க்க அவள் மறந்துவிட்டாள்.

"இங்க வா" என்பார் நைனா. "அந்த ஆதம்பாக்கத்து இஞ்சினீராண்ட போய் சொல்லு, நூல் தொங்குது, கண்ணு அவிஞ்சி பூட்சா, இஸ்து கட்டச் சொல்லு."

நான் மாமாவிடம் போய் அவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "நூல்..." என்பேன்.

"இன்னா? கெணத்துத் தவள மாரி உள்ளயே பேசற?"

"இழுத்துக் கட்டணுமாம்."

மாமா கொத்துக்கரண்டியைக் கீழே வைப்பார். "கட்டணுமாம்னானா? அம்மாம் மரியாதையாவா சொன்னான்?" கரண்டியை மறுபடி எடுப்பார். "போய் சொல்லு, நூல் நேராத்தான் கீது, ஒங்க நைனா மண்டைதான் கோணிகினு கீதுன்னு."

நான் நைனாவிடம் வந்து, "நேராத்தான் இருக்காம்" என்பேன்.

நான் வேண்டுமென்று ஒன்றையும் மாற்றவில்லை. கெட்ட வார்த்தை என் வாயில் ஏறாது, அவ்வளவுதான். ஆனால் வயிற்றிலும் வைத்துக்கொள்ள முடியாது. கல் அடுக்கியிருந்த பக்கம் போய், ஒரு கல்லின் ஓட்டையில் வாயை வைத்து மிச்சத்தை அதற்குள் சொல்லிவிடுவேன். ஓட்டைக்குள் என் குரல் பெரிய ஆள் குரலாகக் கேட்கும். ஈர சிமென்ட் வாசனை மூக்கில் ஏறும். "கண்ணு அவிஞ்சி பூட்சா" ஒரு கல்லில், "மண்டை கோணிகினு கீது" இன்னொரு கல்லில். பிறகு அம்மா வந்து அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு போவாள், அது சுவரில் ஏறிவிடும்.

இரண்டு நாளில் நைனா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ரொம்ப அடக்கமா பதில் சொல்றானே."

அதே சாயங்காலம் மாமாவும் அம்மாவிடம் கேட்டார். "யக்கா, அவுரு குடிய வுட்டுட்டாரா இன்னா?"

அம்மா இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னாள். "வாயத் தொறந்து நீயே கேளேன்." இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதற்கு நடுவில் கல்லில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது.

நைனா செங்கல்காரர். செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, குமிழி அடங்கினபிறகுதான் கையில் எடுப்பார். தாகத்தோடு இருக்கும் செங்கல் சாந்தில் இருக்கும் தண்ணீரையெல்லாம் குடித்து அதைப் பொடியாக்கிவிடும். அந்தப் பழக்கத்தில் ஹாலோ பிளாக்கையும் டீச்சர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவைத்தார். கல்லெல்லாம் மாடு மாதிரி தண்ணீருக்குள் படுத்துக் கிடந்தன. தண்ணீர் சொட்டச் சொட்ட அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது புடவையெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். மாமா ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் இந்தக் கல்லிலேயே கை பழகினவர். அவர் கல்லைக் காய்ந்தபடியே வைத்தார்.

அவர் என்னைக் கூப்பிட்டார். "ஒங்க நைனா கல்ல குளிப்பாட்டிகினு கீறாரு பாரு. போய், சீயக்கா வேணுமான்னு கேளு."

அதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. அதனால் நான் முழுசாகப் போய்க் கேட்டேன். "சீயக்கா வேணுமா, நைனா?"

"சீயக்காவா? இன்னாத்துக்கு?"

எனக்கும் தெரியவில்லை. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

ஊறின செங்கல் சாந்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கல் ஊறினால் சாந்தின்மேல் வழுக்கும், ஈரச் சோப்பின்மேல் சொம்பை வைத்த மாதிரி. நைனா கல்லை வைப்பார், சாந்து இரண்டு பக்கமும் பிதுங்கி வெளியே வந்துவிடும், கல் கீழே இறங்கிவிடும். அவர் மூலையில் இரண்டு கல்லுக்கு நடுவே நகக்கண் அளவு சாந்துதான் மிஞ்சியது. மாமா அதை ஓரக்கண்ணால் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு வீறாப்பு வந்துவிட்டது. தன் மூலை உயர்ந்து தெரிய வேண்டும் என்று, இட்லி மாதிரி தடிமனாகச் சாந்தை வைத்து ஏற்றினார். ஒரு மூலை இறங்க, ஒரு மூலை ஏற, இரண்டு பேரும் ஆறு வரிசை போய்விட்டார்கள்.

ஆறாவது வரிசைக்கு நூல் கட்டின அன்றைக்கு டீச்சர் காபி டம்ளரோடு பின்வாசலில் வந்து நின்றார். நூலைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். காபி கொஞ்சம் சிந்தியது.

"ஏம்மா, கயிறு ஏன் இப்படி ஒரு பக்கம் ஏறிண்டு போறது? நான் பாட்டுச் சொல்லித்தர ரூம் கேட்டேனா, சறுக்குமரம் கேட்டேனா?"

நைனா என்னிடம் சொன்னார்: "அவன் மூல ஏறிகினு கீதுன்னு சொல்லு."

மாமா என்னிடம் சொன்னார்: "அவுரு மூல எறங்கிகினு கீதுன்னு சொல்லு."

நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினேன். நைனா கரண்டியைக் கழுவ ஆரம்பித்தார். கொத்தனார் வேலை நடுவில் கரண்டியைக் கழுவினால், பையைத் தூக்கப்போகிறார் என்று அர்த்தம். அந்தப் பக்கம் மாமாவும் கரண்டியைக் கழுவினார். எனக்கு வலது காது மடலில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. இவர்கள் இன்றைக்கு ஆளுக்கொரு தெருவில் பிரிந்து போனால் இந்தக் காது இப்படியே நிற்கும் என்று எனக்கும் புரிந்துவிட்டது. ஆனால் "போவாதீங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்திலிருந்த கல் ஓட்டையில்தான் சொன்னேன்.

அம்மாவைக் காணோம். சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் ஓடிப்போயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கழுத்தில் மாலை மாதிரி ஒரு ட்யூபைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அடுத்த தெருவில் கட்டடம் எழும்பிய இடத்தில் இரவல் கேட்டு வாங்கியிருக்கிறாள். உள்ளே தண்ணீர் தெரிகிற வெள்ளை ட்யூப். இரண்டு முனையையும் இரண்டு மூலையில் பிடித்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கே கோடு போட்டுக்கொண்டு, அதிலிருந்து கீழே அளந்தால் எந்த மூலை ஏறியது, எது இறங்கியது என்று தெரிந்துபோகும்.

"மனுசி சொன்னா கேக்க மாட்டீங்க. தண்ணி சொன்னா கேப்பீங்க இல்ல?" என்று ஆளுக்கொரு முனையைக் கையில் திணித்தாள்.

இரண்டு பேரும் தத்தம் மூலையில் ட்யூபைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நைனா வாயோரமாக என்னிடம், "அங்க ஆடுதான்னு கேட்டுகினு வா" என்றார். நான் ஓடினேன். ட்யூப் தரையில் கிடப்பதை மறந்துவிட்டேன். நடுவில் அதன்மேல் மிதித்தேன். மாமா அப்போது முனையை மூக்குக்கு நேராக வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சுரீரென்று கிளம்பி நேராக அவர் மூக்குக்குள் போயிற்று. மாமா தும்மினார். தும்மலில் கை தாழ்ந்தது. மிச்சத் தண்ணீரெல்லாம் அவர் வேட்டியில் கொட்டியது.

அந்த முனையில் நைனா காலி ட்யூபைப் பார்த்துத் திகைத்து நின்றார். "தோ இருந்த தண்ணி எங்க பூட்ச்சி?"

அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்து ஒரு கல்மேல் உட்காரவைத்தாள். "நீ எய்ந்தா கால ஒடச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி ட்யூபில் தண்ணீர் நிரப்பினாள்.

மறுபடி பிடித்தார்கள். இப்போது நடுவில் நான் இல்லை. நைனா மாமா பக்கம் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். மாமா நைனா பக்கம் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் இரண்டு ட்யூப் முனையிலும், எச்சில் விழுங்குகிறவன் தொண்டை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த முனையில் நின்றுவிட்டதா என்று தெரியாமல் இந்த முனையில் கோடு போட முடியாது. உள்ளே பாட்டு நின்றுபோய், பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "யாராவது ஒருத்தர் வாயைத் தொறங்கோளேன்! குழாயைப் பிடிச்சிண்டு ரெண்டு பேரும் சிவனேன்னு நின்னா விஜயதசமி தானா நின்னுடுமா?"

மாமாவின் மூக்கிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கை இல்லை. அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆடுது மாமா."

நைனாவும் தண்ணீரைப் பார்த்தபடியேதான் பதில் சொன்னார். "நீ ஆடற, அதான் அது ஆடுது. தோள செவுத்துல முட்டுக் குடு."

"குடுத்துட்டேன்."

"நின்னுச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

"இப்ப?"

"இப்ப நின்னுச்சு."

"கோடு போட்றா."

அம்மா அடுத்த வேலைக்குத் தூக்கின சாந்துச்சட்டியைத் தலையிலிருந்து இறக்க மறந்து நின்றாள். அதிலிருந்து சாந்து அவள் காதுப் பக்கம் வழிந்து கொண்டிருந்தது.

கோட்டிலிருந்து கீழே அளந்தார்கள். நைனாவின் மூலை இருக்க வேண்டியதைவிட அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. மாமாவின் மூலை அரை அங்குலம் உயர்ந்திருந்தது. யாருக்கும் ஜெயம் இல்லை. இரண்டு பேரும் டேப்பை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்கள், அது மாறவில்லை.

மாமா மெதுவாக, "இந்தக் கல்ல ஊறப்போட்டா வய்க்கிகினு பூடும் மாமா" என்றார்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"அதான் சொல்லியனுப்பினேனே, சீயக்கா வேணுமான்னு."

நைனா என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த கல்லைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை, இருமல் என்று நினைத்து அம்மா தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாந்து இறுகுவதற்கு முன்னால் இரண்டு மூலையிலும் மேல்வரிசைகளைப் பிரித்து, காய்ந்த கல்லை வைத்து மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை நூலில் ஒரு இழு இழுத்தாலே அந்தப் பக்கம் புரிந்துகொண்டார்கள். எனக்கு வேலை போய்விட்டது. கட்டி முடித்ததும் மாமா கரண்டி நுனியால் தரையைக் கீறிக்கொண்டு நின்றார்.

"மாமா, என் மூலைக்கு ஒரு குண்டு போட்டுப் பாரேன்."

நைனா சட்டைப் பையிலிருந்து குண்டை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தொங்கவிட்டார். ஒரு கண்ணை மூடினார். "தூக்கு நிக்குது" என்றார்.

"அப்ப ஆதம்பாக்கத்து மூல?"

அம்மா கையை உதறினாள், வேண்டாம் என்று. நைனாவுக்குப் பொய் வராது. "அது சாஞ்சிதான்டா கீது."

"தெரியும்" என்றார் மாமா. "அன்னிக்கி வந்தவங்கல்லாம் தூங்குனப்புறம் நானும் போட்டுப் பாத்தேன்."

சொல்லிவிட்டு, தன் நூல்கட்டையை எடுத்து நூலைப் பிரிக்க ஆரம்பித்தார். பிரித்துக்கொண்டே இருந்தார். நூல் அவர் காலடியில் இடியாப்பம் மாதிரி குவிந்தது. "இன்னாடா பண்ற, நாளைக்கு யாரு சுத்தறது?" என்று அம்மா கத்தினாள். கட்டை வழவழவென்று தெரிகிற இடம் வந்தபோது அங்கே ஒரு சின்னத் துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தார். சிவப்புக்கல் கம்மல். ஒற்றை.

"கொத்தனாரு எத்த வேணா தொலச்சிடுவான், நூல்கட்டய மட்டும் தொலைக்க மாட்டான், யக்கா. அதான் இதுல வெச்சேன்."

அம்மா சாந்துக் கையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தாள். "பாவி, எம்மாம் வருசம்! இத்த சுத்தி வெச்சிகினா ஊரான் வூட்டுச் செவுரெல்லாம் கட்டின?" அவள் கை அச்சு மாமாவின் சட்டையில் காய்ந்து ரொம்ப நாள் இருந்தது.

விஜயதசமிக்கு முன்னால் அந்த அறையிலேயே காது குத்தினார்கள். மேலே கூரை ஏறியிருந்தது, தரை இன்னும் பூசவில்லை. "நல்ல காரியம்தானே, தாராளமாப் பண்ணுங்கோ" என்று டீச்சர் ஒரு தட்டில் சந்தனமும் கற்கண்டும் கொடுத்தனுப்பினார். மிச்சமிருந்த ஒரு கல்லைப் போட்டு மாமா உட்கார்ந்தார். அவர் மடியில் நான் உட்கார வேண்டும்.

என் சங்கடத்தை என்னவென்று சொல்வேன்? மூன்று வயதுக் குழந்தை உட்கார வேண்டிய மடி. எனக்குப் பன்னிரண்டு. தாவணி போடுகிற வளர்த்தி. கால் இரண்டும் தரையில் மடங்கிக் கிடந்தன. வாசல் பூராவும் பாட்டுப் படிக்கிற பிள்ளைகள்.

பத்தர் என்னைப் பார்த்துவிட்டு, "கொழந்தைன்னு சொன்னீங்க, கல்யாணப் பொண்ண இட்டாந்து குந்த வெச்சிகிறீங்க?" என்றார்.

"சீக்கிரம் குத்துயா. ஆறு கல்லு வெயிட்டு கீறா, தொட மரத்துப் பூட்ச்சி" என்றார் மாமா.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. ஆமை மாதிரி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து பத்தர் குத்தினார்.

நான் போட்ட கூச்சலில் தெருவில் போன சைக்கிள் நின்றது. "பாதகமில்லே, இந்த ரூம்ல விழுந்த முதல் சத்தமே உச்சத்துலே விழுந்திருக்கு" என்று டீச்சர் வாசலிலிருந்து சொன்னார். அந்தச் சுவருக்குள் அதற்கு முன்னால் என்னென்ன சத்தம் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நைனாவைத் தேடினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி, கன்னிமூலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவர் கட்டின மூலைதான். பார்க்க அதில் ஒன்றும் இல்லை. தோள் இரண்டும் லேசாக ஏறி இறங்கின. கை சட்டைப் பைக்குள் குண்டைத் துழாவிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு ஆதம்பாக்கம் புரிந்தது. அன்றைக்கும் நான் அழுததைப் பார்க்க முடியாமல்தான் அவர் இப்படித் திரும்பியிருக்கிறார். திரும்பின இடத்தில் ஒரு மூலை இருந்துவிட்டது, கை சும்மா இருக்கவில்லை. அதை இத்தனை வருஷமும் எல்லாரும் கொழுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அவரும் அப்படி இல்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

பத்தர் சின்னக் கண்ணாடியை என் முன்னால் நீட்டினார். இரண்டு காதிலும் இரண்டு சிவப்புக்கல். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் கழுத்தை இழுத்ததில் வலது கம்மல் ஒரு நெல் அளவு மேலே ஏறியிருந்தது. எனக்கே தெரிந்தது என்றால் நைனாவுக்குத் தெரியாதா?

நைனா திரும்பினார். கண் சிவந்திருந்தது. என் முகத்துக்கு நேராக வந்து நின்றார். குண்டு ஏற்கெனவே கையில் இருந்தது, நூல் விரலில் சுற்றியிருந்தது. ஒரு கண் மெதுவாக மூட ஆரம்பித்தது. எனக்குக் கீழே மாமாவின் தொடை இறுகியது. அம்மா கற்கண்டுத் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மாமா?" என்றார் மாமா.

நைனா மூடின கண்ணைத் திறந்தார். நூலைக் குண்டின்மேல் சுற்றினார், நிதானமாக, கடைசி வரைக்கும். பைக்குள் போட்டார்.

"மட்டமாத்தான் கீது" என்றார்.

குண்டு போடாமல் என் நைனா மட்டம் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஒரு நெல் ஏறித்தான் இருக்கிறது, இன்றைக்கும்.